மார்சேய்ப் புட்டி

அத்தியாயம் 14

சாரத்தில் தெய்வசிகாமணி மேஸ்திரியின் வீட்டில் அன்று விடியும்போதே எல்லாம் தயாராக இருந்தது, பெண்ணின் தலையைத் தவிர.

தெருவை அடைத்துக் கீற்றுப் பந்தல் போட்டாயிற்று. பன்னிரண்டு இரும்பு நாற்காலிகள் வந்தாயிற்று. நடுவில் மெத்தை தைத்த நாற்காலி ஒன்று. அது உப்பளத்துச் சம்பந்தி தணிகாசலத்துக்கா, மில் டைம் கீப்பர் ராஜாங்கத்துக்கா என்று மேஸ்திரியால் இரண்டு நாளாக முடிவு செய்ய முடியவில்லை. ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மற்றவர், ஆயிரக்கணக்கான ஆட்கள் எத்தனை மணிக்கு மில்லுக்குள் நுழைந்தார்கள் என்று எழுதுகிறவர். இரண்டுமே லேசான பதவி அல்ல.

பத்தரைக்கு மேல் பூ வைக்கிறார்கள். மாப்பிள்ளை இராமதாஸ் பாரீசில் தபாலாபீசில் வேலையாக இருக்கிறான். அவனுக்குப் பதிலாக அவன் அம்மா ஆயம்மா வந்து, தன் கையால் பெண்ணின் தலையில் பூச்சூட்டிப் பேச்சை உறுதி செய்வாள். கார்த்திகையில் கல்யாணம். தையில் விமானம்.

உள்ளறையிலிருந்து கமலாவின் குரல் வந்தது.

"ஏங்க, நாற்காலியத் தொடச்சது போதும். இங்க வந்து விளக்கப் புடிங்க."

மேஸ்திரி போனார். போகாமல் இருக்க எட்டு நாளாக அவர் செய்த முயற்சிகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன.

ஆதிலட்சுமி முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தொரு வயது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி போன சனிக்கிழமை வரை இருந்தது. இப்போது காதோரத்திலும் பிடரியிலும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. சோளக்கதிர் நுனியில் நார் காய்ந்து நிற்குமே, அந்த நிறம். உச்சியில் முடியே இல்லை. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்து, ஓரம் கறுத்து, நடுவில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது.

"கிட்டக் காட்டுங்க மேஸ்திரி. சாமியா கும்பிடறீங்க?" என்றாள் சூசான்.

சூசான் பக்கத்துத் தெரு. மார்சேயில் பதினாலு மாதம் இருந்துவிட்டு வந்தவள். வந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பதினாலு மாதம்தான் அவள் வயது. வீட்டு முன்னறையில் இரண்டு கண்ணாடியும் ஒரு பிரெஞ்சுக் காலண்டரும் மாட்டி, அதற்கு 'சலோன்', அதாவது முடி அலங்காரக் கடை, என்று பெயர் வைத்திருந்தாள். காலண்டரில் இன்னும் 1968.

முன் அத்தியாயங்களைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெண் பார்க்க வந்த அன்று ஆயம்மா, ஆதிலட்சுமியின் பின்னலைக் கையில் ஏந்திப் பார்த்து, "முடி நல்லாத்தான் கீது. ஆனா ரொம்பக் கறுப்பு. அங்க எங்க மூத்த மருமவ செம்பட்டையா மாத்திக்கினா" என்றாள். சும்மா சொன்ன சொல். கமலா அதை சர்க்கார் உத்தரவாக எடுத்துக்கொண்டாள். மூத்தவளுக்கு ஒரு பங்கு செம்பட்டை என்றால் தன் பெண்ணுக்கு இரண்டு பங்கு வேண்டும் என்று சூசானிடம் போனாள். சூசான், மார்சேயிலிருந்து கொண்டு வந்த காலிப் புட்டி ஒன்றை எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தாள். "இதுக்குப் பேரு ஓ ஒக்சிழெனே. மருந்துக் கடையில இந்த லேபிளக் காட்டி வாங்கிக்கினு வாங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

மருந்துக் கடைக்காரர் லேபிளைப் பார்த்துவிட்டு, புண் கழுவுகிற ஹைட்ரஜன் பெராக்சைடு சின்னப் புட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். அதை முகர்ந்து பார்த்த மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தெட்டு வருஷம் மில்லின் வெளுப்பு செக்‌ஷனில் நின்றவர். இந்தத் தண்ணீரின் அசல் சரக்கு அங்கே ஆளுயரப் பீப்பாய்களில் இருக்கிறது. தறியிலிருந்து வருகிற கோராத் துணியை வெளுக்க ஒரு தொட்டித் தண்ணீருக்கு எத்தனை குவளை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கோரா வெறும் மங்கல். முடியோ கன்னங்கரேல். சரக்கு அதற்கேற்றபடி தூக்கலாக இருக்க வேண்டாமா? தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, சூசானின் புட்டியை நிரப்பி, சாப்பாட்டுத் தூக்கின் அடியில் வைத்து வெளியே கொண்டு வந்தார்.

தன் புட்டி, தன் லேபிள். சூசானுக்கு என்ன சந்தேகம் வரும்? அம்மோனியாவைச் சொட்டி, குழைத்துப் பூசி, மேலே பிளாஸ்டிக் உறையைக் கட்டினாள்.

பெண் எரிகிறது என்றாள். "எரிஞ்சாத்தான் புடிக்குதுன்னு அர்த்தம்" என்றாள் சூசான். பெண் கத்தினாள். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்றார் மேஸ்திரி. அதை அவர்தான் சொன்னார். எட்டு நாளாக அந்தச் சொல் அவர் காதைவிட்டுப் போகவில்லை.

கழுவும்போது முடி நனைந்த சேமியா மாதிரி இழுபட்டு இழுபட்டு அறுந்தது.

இனி இன்றைய ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

கமலா ஒரு கிண்ணத்தில் விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து வைத்திருந்தாள். மிஞ்சிய செம்பட்டையை மறுபடி கறுப்பாக்குகிற வேலை. பெரிய மார்க்கெட்டில் வாங்கிய நீளச் சவுரி ஆணியில் தொங்கியது.

"புண்ணு மேலயா பூசப் போற?" என்றார் மேஸ்திரி.

"புண்ணு மேல ராக்கொடி வெச்சிருவேன். சுத்தித்தான் மை. மிச்ச முடியில சவுரிய வெச்சித் தெச்சிட்டா மேல மூணு மொழம் பூ. யாருக்குத் தெரியப் போவுது?"

"டாக்டர் எதையும் கட்டக்கூடாதுன்னாரே."

"டாக்டருக்கா கல்யாணம்?"

கமலா ஊசியைக் கோத்து முதல் தையல் போட்டபோது ஆதிலட்சுமியின் தோள் ஒருமுறை துள்ளி அடங்கியது.

"அப்பா, குளிருது" என்றாள்.

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அடுப்புமேல் இருக்கும் கல் மாதிரி இருந்தது.

"பதட்டம். எனக்கும் பூ வெச்ச அன்னிக்கு இப்பிடித்தான் சுட்டுது" என்றாள் கமலா.

மேஸ்திரி விளக்கை சூசானிடம் கொடுத்துவிட்டு, வெற்றிலை வாங்கி வருவதாகச் சொல்லி சைக்கிளை எடுத்தார். நாலு கவுளி வெற்றிலை கூடத்தில் இருந்தது.

டாக்டர் தேவதாஸ் வீடு இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமையில் அவர் பனியனோடு பேப்பர் படிப்பார். யார் வந்தாலும் திட்டிவிட்டு, பிறகு பார்ப்பார்.

"ஜுரமா? எப்பலேர்ந்து?"

"ராத்திரிலேர்ந்துங்க. ஒரு மாத்திரை குடுத்தீங்கன்னா..."

"நாத்தம் அடிக்குதா?"

மேஸ்திரி தலையாட்டினார்.

டாக்டர் பேப்பரை மடித்து வைத்தார். "புதன்கிழமை பாத்தப்பவே எனக்கு இடிச்சுது மேஸ்திரி. கடையில விக்கிற சரக்கு இவ்வளவு ஆழமாப் போவாது. தோல் செவக்கும், உரியும், முடி நாறாப் போவும். அவ்வளவுதான். அதனாலதான் ஒத்துக்காததுன்னு நெனச்சி களிம்பு குடுத்தேன். இப்ப நாத்தம்னு வேற சொல்றீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, தலையில போட்டது கடைச் சரக்குதானே?"

"அதுதாங்க."

"காட்டமான சரக்கா இருந்தா கதை வேற. உள்ள தோல் செத்துப் போயிருக்கும். களிம்புல ஆறாது. ஆஸ்பத்திரியில வெச்சி செத்த தோல வெட்டி எடுக்கணும். அதுவும் இன்னிக்கே. நாளைக்குன்னா ரத்தத்துல கலந்துரும். அப்பறம் முடியப் பத்தி யாரும் பேச மாட்டாங்க."

சொல்லிவிடலாம். அறையில் வேறு யாரும் இல்லை.

டாக்டரே சிரித்துக்கொண்டு தொடர்ந்தார். "உங்களப் போயிக் கேக்கறேன் பாருங்க. வெளுப்புல புலி நீங்க. தப்பான சரக்கா இருந்தா உங்க கண்ணுக்குத் தப்புமா?"

அதோடு முடிந்தது. தப்பு செய்தேன் என்று சொல்வதற்குக்கூட மேஸ்திரி ஒருவேளை துணிந்திருப்பார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வேண்டுமே, அதற்குத் துணிவில்லை. அந்தப் புலிப் பட்டத்தைத் தவிர இருபத்தெட்டு வருஷத்தில் மில் அவருக்கு வேறு எதையும் கொடுத்ததில்லை.

"கடைச் சரக்குதான் டாக்டர்."

"அப்ப இந்த மாத்திரையக் குடுங்க. விசேஷம் முடிஞ்சதும் முடியெல்லாம் ஒட்ட வெட்டிட்டு நாளைக்குக் காலையில கூட்டிக்கினு வாங்க. செத்த முடிக்கு எண்ணெய் தடவி உயிர் குடுக்க முடியாது. புதுசா வளரணும். மாசத்துக்கு அரை அங்குலம். அதுக்குத் தோல் நல்லா இருக்கணும்."

மேஸ்திரி மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காத வெற்றிலையையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

சம்பந்தி வீட்டார் இரண்டு குதிரை வண்டியிலும் ஒரு காரிலும் வந்து இறங்கினார்கள். காரில் தணிகாசலம் மட்டும். வெயிலில் கோட்டு. கோட்டில் மூன்று மெடல்கள். அவற்றில் ஒன்று எதற்குக் கொடுத்தார்கள் என்பது அவருக்கே மறந்துபோய், ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன்ழூர், போன்ழூர்" என்றபடி நேராகப் போய் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். மேஸ்திரியின் இரண்டு நாள் பிரச்சினை தீர்ந்தது. டைம் கீப்பர் ராஜாங்கம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, சம்பந்தி வந்த நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டார். யாரும் எழுதச் சொல்லவில்லை. பழக்கம்.

தாம்பாளங்கள் வரிசையாக உள்ளே போயின. சேலை, பழம், சீமைச் சோப்பு, கனகாம்பரமும் மல்லியும் சேர்த்துக் கட்டிய பூப்பந்து ஒன்று.

ஆதிலட்சுமியை மனையில் உட்கார வைத்தார்கள். நீளப் பின்னல், கரிய தலை, உச்சியில் ராக்கொடி, அதைச் சுற்றிப் பூ. பார்த்தவர்கள் கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தது. ஊதுவத்தி பத்துக்குமேல் கொளுத்தியிருந்தார்கள். மேஸ்திரி வாசல்படியில் நின்றார். ஊதுவத்தியையும் தாண்டி அவருக்கு அந்த நாற்றம் வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆயம்மா பெண்ணுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"சீப்பு ஒண்ணு குடு சம்மந்தி."

கமலாவுக்குப் புரியவில்லை. "சீப்பா? எதுக்கு?"

"எங்க வழக்கம் அது. மாமியாக்காரி தன் கையால பின்னல அவுத்து, ஒருவாட்டி வாரி, திரும்பப் பின்னித்தான் பூ வெக்கணும். எனக்கும் அப்பிடித்தான் வெச்சாங்க."

"அதெல்லாம் கல்யாணத்தன்னிக்கு வெச்சிக்கலாமே. புள்ள வேற காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல..."

"கல்யாணத்தன்னிக்கு அய்யரு வெரட்டுவாரு. இன்னிக்குத்தான் நம்ம பாடு." ஆயம்மா ஏற்கெனவே பின்னலின் குஞ்சலத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "பயப்படாதம்மா, இழுக்க மாட்டேன்."

கமலா சூசானைப் பார்த்தாள். சூசான் மேல்கூரையைப் பார்த்தாள்.

ஆயம்மாவின் விரல்கள் பின்னலைப் பிரித்துக்கொண்டே மேலே ஏறின. பாதியில் நின்றன. அங்கே நூல் தட்டுப்பட்டது. அவள் மெதுவாகத்தான் இழுத்தாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். ஆனால் சவுரி முழுசாகக் கையோடு வந்தது. அதோடு சேர்த்துத் தைத்த காதோர முடியும், முடியோடு கொஞ்சம் தோலும். ராக்கொடி உருண்டு தரையில் விழுந்தது.

ஆதிலட்சுமி இரண்டு கையாலும் மனையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கரி மையோடு கலந்த சீழ் காதுக்குப் பின்னால் கோடாக வழிந்து ரவிக்கையின் கழுத்தில் இறங்கியது.

பெண்கள் கூட்டம் ஒரே அடியில் பின்வாங்கியது. ஒருத்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"சொறியா அது?"

"சொறி இப்பிடியா இருக்கும்? இது வேற. பெரிய வியாதி."

"மறச்சிப் பூ வெச்சிக்கப் பாத்தாங்களே, அடிப் பாவி!"

கமலாவுக்கு வந்த முதல் சொல் மகளைப் பற்றியது அல்ல.

"எல்லாம் இவளால!" சூசானைக் காட்டினாள். "பிரான்சு மருந்துன்னு சொல்லி எம் பொண்ணு தலையில நெருப்ப வெச்சிட்டா! நல்லா இருந்த முடி சம்மந்தி! நீங்களே தொட்டுப் பாத்தீங்களே!"

"மொந்தியே! நானா?" சூசான் நெஞ்சில் கை வைத்தாள். "நான் எத்தினி பேருக்குப் போட்டிருக்கேன்! மார்சேயில ஒரு பட்டாளத்துக் கொமாந்தான் பொண்டாட்டிக்கே போட்டிருக்கேன். இருங்க, புட்டியக் காட்டறேன்."

உள்ளே ஓடினாள். அலமாரியிலிருந்து புட்டியோடு திரும்பி வந்து, அதை நேராகத் தணிகாசலத்தின் முன் நீட்டினாள். கூட்டத்தில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் அவர்தான் என்று நம்பப்பட்டது.

தணிகாசலம் கோட்டுப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். புட்டியைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். பிறகு கிட்டக் கொண்டுவந்தார். கூடம் காத்திருந்தது. பெண் மனையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு ஒரு துணி எடுத்துக் கொடுக்கவில்லை. லேபிள் படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"அலோர்" என்றார் கடைசியில். "சுத்தமான சரக்கு. மார்சேய்ல செஞ்சது. இத்தப் பாரு, முத்திரை. அங்க ஒரு புட்டி வெளிய வரணும்னா பத்து பேரு சோதிச்சுக் கையெழுத்துப் போடணும். நம்ம ஊரு மாதிரி இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "மருந்துல கொறையில்ல. அப்ப கொற எங்கே? ஒடம்புல. பொண்ணுக்கு முன்னாடியே வியாதி இருந்திருக்கு. மருந்து பட்டதும் வெளிய வந்துட்டுது."

"ஐயோ, இல்லீங்க!" என்றாள் கமலா.

"பரம்பரை வியாதியாக்கூட இருக்கும். விமானத்துல ஏத்தவே மாட்டாங்க. ஆயம்மா, எழுந்திரு."

அதற்குள் அந்தச் சொல் வாசலைத் தாண்டிப் பந்தலுக்குப் போய்விட்டது. பந்தலிலிருந்து தெருவுக்கு எவ்வளவு தூரம்? மத்தியானத்துக்குள் சாரம் முழுக்க, சாயங்காலத்துக்குள் உப்பளம் முழுக்க. மேஸ்திரியின் பெண்ணுக்குப் பெரிய வியாதி. குஷ்டம். அப்புறம் அவளுக்கு எந்த ஊரிலிருந்தும் யாரும் பூவோடு வரமாட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் தனி டம்ளர் தேடுவார்கள்.

மேஸ்திரி வாசல்படியில் நின்று ராஜாங்கத்தைப் பார்த்தார். ராஜாங்கம் கேசரித் தட்டோடு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மில் கேட்டில் வாட்ச்மேன் சாப்பாட்டுத் தூக்கைச் சோதிக்காமல் விட்டது மேஸ்திரி என்கிற மரியாதைக்காக. சொன்னால் திருட்டுப் பட்டம். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்.

மகளைப் பார்த்தார். அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேபிள்தாங்க மார்சேய்" என்றார்.

யாருக்கும் காதில் விழவில்லை. தணிகாசலம் எழுந்துவிட்டார்.

"லேபிள்தாங்க மார்சேய்!" மேஸ்திரி கத்தினார். "உள்ள இருந்தது நம்ம மில்லு வெளுப்புத் தண்ணி. நான்தான் எடுத்தாந்தேன். பீப்பாயிலேர்ந்து மொண்டு, பாதிக்குப் பாதி கலந்து நான்தான் ரொப்பினேன். இந்தம்மாவுக்குத் தெரியாது. எம் பொண்டாட்டிக்குத் தெரியாது. எம் பொண்ணுக்கு ஒரு வியாதியும் இல்ல. இது வெந்த புண்ணு. நான் வெச்ச நெருப்பு."

ராஜாங்கத்தின் கையிலிருந்த தட்டு மெல்லத் தரைக்கு இறங்கியது.

முதலில் பேசியவர் தணிகாசலம். அவர் முகத்தில் பெரிய பாரம் இறங்கினது மாதிரி ஒரு தெளிவு. "அதானே பாத்தேன். அப்ப பிரான்ஸ் மேல தப்பில்ல."

சூசான் புட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "எம் புட்டியில..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அவள் உதடு கோணியது. "பொண்ணு கத்தச்சே நான்தானே பிடிச்சிக்கினேன் மேஸ்திரி. ரெண்டு கையையும் நான்தானே பிடிச்சிக்கினேன்."

ராஜாங்கம் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எந்த ஷிப்ட்டுல எடுத்தீங்க மேஸ்திரி?"

"ரெண்டாவது."

"எந்த கேட்?"

"சார், எம் பொண்ணு..."

"சரி, சரி. நாளைக்குப் பேசிக்கலாம்." ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பதினொன்று பத்து.

கமலா சவுரியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆயம்மா மட்டும் இன்னும் மனைக்குப் பின்னால் இருந்தாள். கையெல்லாம் கரி. தாம்பாளத்தில் இருந்த புதுச்சேலையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, நடுங்குகிற பெண்ணின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். "ரிக்ஷா கூப்புடுங்களேன் யாராவது" என்றாள். பிறகு கணவர் கூப்பிட்டார் என்று எழுந்து போனாள்.

ரிக்ஷாவில் அப்பாவும் பெண்ணும் மட்டும். கமலா வருகிறேன் என்று எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள். வழியில் டாக்டர் வீட்டு வாசலில் நிறுத்தி மேஸ்திரி உண்மையைச் சொன்னார். டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. பேப்பரின் ஓரத்தில் நாலு வரி எழுதிக் கிழித்துக் கொடுத்து, "ஆஸ்பத்திரியில இதக் காட்டுங்க. நான் பின்னாலயே வரேன். நேரா போங்க" என்றார்.

ஆதிலட்சுமி அவர் தோளில் சாய்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பேசினாள்.

"எனக்குத் தெரியும்ப்பா."

"என்னாம்மா?"

"மில்லுத் தண்ணின்னு. புட்டி கொண்டாந்த அன்னிக்கு ராத்திரி நீங்க கரண்டியால சோறு சாப்பிட்டீங்க. சம்மந்தி வூட்டு மாதிரி பழகறீங்கன்னு அம்மா சிரிச்சாங்க. எனக்கு உங்க வெரலு தெரிஞ்சுது. சுண்ணாம்புல முக்கின மாதிரி வெள்ளையா இருந்துச்சு. சின்ன வயசுலேர்ந்து பாக்கறேனே, அந்தத் தண்ணி பட்டா மட்டுந்தான் அப்பிடி வெளுக்கும்."

மேஸ்திரி ரிக்ஷாக்காரனின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா சொல்லல? டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். புதன்கிழமை டாக்டர்கிட்ட போனப்ப சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அப்பறம் வியாழக்கிழமை நெனச்சேன்."

அதற்கு மேல் அவள் கிழமைகளைச் சொல்லவில்லை. ஜுரத்தில் கண் மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கொளஞ்சி என்ற நர்ஸ் கத்தரியோடு வந்தாள். மிஞ்சியிருந்த செம்பட்டையை வெட்டி ஒரு பேசினில் போட்டாள். பிறகு சவரக் கத்தி. கத்தி போன இடமெல்லாம் சின்னப் பிள்ளையின் தலை மாதிரி ஒரு தலை வெளியே வந்தது. மேஸ்திரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள நினைத்தார். திரும்பவில்லை. இதையாவது முழுசாகப் பார்க்க வேண்டும் என்று நின்றார்.

டாக்டர் தேவதாஸும் ஆஸ்பத்திரி டாக்டரும் சேர்ந்து உச்சியைப் பார்த்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தேவதாஸ் மட்டும் வெளியே வந்தார்.

"செத்த தோல எடுத்துடறோம். ஜுரம் எறங்குதான்னு ரெண்டு ராத்திரி பாக்கணும். எறங்கிட்டா உயிருக்குப் பயமில்ல."

"முடி?"

"சுத்தி வளரும். எண்ணெய், சாயம், இறுக்கிக் கட்டறது ஒண்ணும் கூடாது, வெறும் தலையா விடணும். ஒரு வருஷத்துல கழுத்து வரைக்கும் வரும். உச்சியில அந்த எடத்துல வராது மேஸ்திரி. வேரே போயிடுச்சு."

உள்ளேயிருந்து அது ஆதிலட்சுமிக்குக் கேட்டிருக்க வேண்டும். மேஸ்திரி கட்டிலருகே போனபோது அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "கண்ணாடி இருக்குதா?" என்றுதான் கேட்டாள். நர்ஸ் இல்லை என்றாள். சுவரில் ஒன்று இருந்தது. நர்ஸ் அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

நாலு மணிக்கு வார்டு வாசலில் மில் வாட்ச்மேன் வந்து நின்றான். எப்போதும் மேஸ்திரிக்கு சலாம் வைக்கிறவன். இன்று கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சைக்கிள் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி, உங்கள ஆபீசுக்குக் கூட்டிக்கினு வரச் சொன்னாங்க. ஞாயித்துக்கெழமன்னாலும் ஆபீசர் வந்திருக்காரு. டைம் கீப்பர் எழுதிக் குடுத்துட்டாரு."

நாளைக்குப் பேசலாம் என்றவர் ராஜாங்கம். அவர் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடுவது மில்லில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"பொண்ணு இந்த நெலமையில..." என்று மேஸ்திரி ஆரம்பித்தார்.

"போங்கப்பா" என்றாள் ஆதிலட்சுமி. கண்ணைத் திறக்கவில்லை. "அங்கயாவது அவங்க ரெண்டாவது வாட்டி கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."

அவர் மாத்திரைப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்தார். காலையில் வாங்கியது, கொடுக்கவே இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலோரத்தில் வைத்துவிட்டு நடந்தார்.

வராந்தாவின் கோடியில் ஒரு பெரிய உருவம் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே வந்தது. ஆயம்மா. காரும் இல்லை, வண்டியும் இல்லை, உப்பளத்திலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். காலையில் கட்டிய பட்டுச் சேலைதான். கை நகக்கண்ணில் இன்னும் கரி இருந்தது.

மேஸ்திரி இரண்டு கையையும் கூப்பினார். "சம்மந்தி..." என்று வந்த சொல்லைப் பாதியில் நிறுத்தினார். அந்த உறவு இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆயம்மா அவர் கும்பிட்டதைக் கவனிக்கவில்லை.

"எந்தக் கட்டில்?" என்றாள்.

"ஏழாம் நம்பர். நீங்க உக்காருங்க, நான் கூட்டிக்கினு..."

"வேணாம். நானே போறேன். அவருக்குத் தெரியாம வந்திருக்கேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒண்ணு கேக்கணும். உங்ககிட்ட இல்ல. நீங்க பக்கத்துல இருக்கக் கூடாது."

மேஸ்திரி வழி விட்டார். வாட்ச்மேன் சைக்கிளின் ஸ்டாண்டை எடுத்தான். ஏழாம் நம்பர் கட்டிலின் பக்கத்தில் முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஆயம்மாவின் சின்னக் குரல். என்ன கேட்கிறாள் என்பது வராந்தாவரை எட்டவில்லை.

மகள் என்ன பதில் சொல்கிறாள் என்று கேட்க அவருக்கு நேரம் இல்லை. சைக்கிளின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

(தொடரும்)